நான் தொடாத ஹேண்ட்பிரேக்

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் கூடினால் பேச்சு எப்படியும் ஞாபகமறதியில் வந்து நின்றுவிடுகிறது. கண்ணாடியை எங்கே வைத்தோம், காலை மாத்திரையைப் போட்டோமா இல்லையா என்று ஆளுக்கு ஆள் புலம்புகிறோம். நான் அதில் அதிகம் கலந்துகொள்வதில்லை. என் ஞாபகம் என்னை ஏமாற்றியது இந்த வயதில் அல்ல, எனக்குப் பத்து வயது இருக்கும்போதே. அதுவும் மறந்துபோய் ஏமாற்றவில்லை. நடக்காத ஒன்றை நடந்ததாகக் காட்டி ஏமாற்றியது.

அப்போது நாங்கள் கல்வராயன் மலையில், கரியாலூரில் குடியிருந்தோம். அப்பா ரிஷிவந்தியம் பக்கத்துக்காரர். மழையை நம்பி விதைத்து அலுத்துப்போய், இருந்த துண்டு நிலத்தை விற்று, ஏலத்தில் ஒரு பழைய ஜீப்பை எடுத்துக்கொண்டு மலையேறிவிட்டார். மலையில் விளையும் புளி, கடுக்காய், சாமை மூட்டைகளைக் கள்ளக்குறிச்சிக்கு இறக்குவார். திரும்பி வரும்போது உப்பும் மண்ணெண்ணெயும் துணிமணியும் வரும். அவற்றின் மேல் ஆட்கள் உட்கார்ந்து வருவார்கள். பிரசவ வலி எடுத்த பெண்களையும் அந்த ஜீப்தான் கீழே கொண்டுபோகும்.

மழைக்காலத்தில் ஈர விறகு புகைந்து வீட்டுக்குள் கண்ணைத் திறக்க முடியாது. அதனால் நான் ஜீப்பில் ஏறி உட்கார்ந்துதான் பாடம் படிப்பேன். மேலே தார்ப்பாயில் மழை தட்டும். உள்ளே பழம்புளியும் பெட்ரோலும் கலந்த ஒரு வாசனை. டிரைவர் சீட்டின் ரெக்சின் கிழிந்து தேங்காய் நார் எட்டிப் பார்க்கும். அதை ஒவ்வொரு இழையாக உருவிக்கொண்டே வாய்ப்பாடு சொல்வேன். வீட்டில் யாரும் அதற்காக என்னைக் கடிந்துகொண்டதில்லை.

எங்கள் வீடு சரிவில் இருந்தது. கீழே கூப்பிடு தூரத்தில் அத்தையின் வீடு. அத்தை அப்பாவுக்கு அக்கா. தாயில்லாத அப்பாவை வளர்த்தவர். புருஷன் போன பிறகு தம்பி பின்னாலேயே மலைக்கு வந்துவிட்டார். என்னை வளர்த்ததில் அம்மாவுக்குப் பாதி, அத்தைக்குப் பாதி.

அப்பாவுக்கு அந்த ஜீப்பின் ஹேண்ட்பிரேக்கைப் பற்றி ஒரு பெருமை உண்டு. ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில், முன்பலகைக்கு அடியில், குடைப்பிடி மாதிரி ஓர் இரும்புப் பிடி நீட்டிக்கொண்டிருக்கும். இழுத்தால் பிரேக் பிடிக்கும். திருகி உள்ளே தள்ளினால் விடும். வண்டியின் பேட்டரி எப்போதும் சோகையாகவே இருந்ததால் முன்னால் கம்பி போட்டுச் சுழற்றித்தான் கிளப்ப வேண்டும். அதற்குக் கியரில் இருக்கக் கூடாது. அதனால் அப்பா வண்டியை நிறுத்தும்போது நியூட்ரலில் விட்டுவிட்டு ஹேண்ட்பிரேக்கை மட்டும் இழுத்துவிட்டு இறங்குவார். சக்கரத்துக்குக் கல் வைக்கச் சொன்னால் கோபம் வந்துவிடும். "கல்லு வெக்கிறவன் பிரேக்கு இல்லாதவன். இந்த மலையில இதுமாரி பிரேக்கு எந்த வண்டிக்கு கீது, சொல்லு பாக்கலாம்" என்பார்.

மழை ஓய்ந்து பனி இறங்கத் தொடங்கியிருந்த ஒரு மத்தியானம். அப்பா கீழேயிருந்து வந்து வண்டியைச் சரிவைப் பார்க்கத் திருப்பி நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போனார். நான் வழக்கம்போல டிரைவர் சீட்டில் ஏறி, புத்தகத்தை ஸ்டீயரிங்கில் சாய்த்து வைத்துக்கொண்டேன். கொஞ்ச நேரம் கழித்துப் பக்கத்தில் இருந்த பலாமரம் மெல்லப் பின்னால் போனது. மரம் எப்படி நகரும் என்றுதான் முதலில் நினைத்தேன். எஞ்சின் ஓடாத வண்டி அவ்வளவு சத்தமில்லாமல் போகும் என்பது எனக்குத் தெரியாது.

அத்தை தன் வாசலில் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து புளிக்குக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். கத்த வேண்டும் என்று வாயைத் திறந்தேன். குரல் வரவில்லை. சக்கரத்தில் கல் நொறுங்கும் சத்தம் கேட்டு அத்தை திரும்பினார். எழுந்து ஒதுங்கினார், ஆனால் இடது கால் மட்டும் பின்தங்கிவிட்டது. சக்கரம் அதன்மேல் ஏறி இறங்கியது. ஜீப் அவர் வீட்டு மண்சுவரில் மோதி நின்றது. நெற்றியில் ஒரு கீறல்கூட இல்லாமல் நான் உட்கார்ந்திருந்தேன்.

அப்பா சோற்றுக் கையோடு ஓடி வந்தார். அத்தையை அதே ஜீப்பில் போட்டுக்கொண்டு கள்ளக்குறிச்சிக்குப் போனார். கணுக்கால் எலும்பு உடைந்திருந்தது. முழங்கால் வரை மாவுக்கட்டுப் போட்டு அனுப்பினார்கள். சுவர் இடிந்த வீட்டில் தனியாக எப்படி இருப்பது? எங்கள் வீட்டுக்கே கூட்டி வந்துவிட்டார்கள்.

பிறகு விசாரணை தொடங்கியது.

"பிரேக்க தொட்டியா?"

"இல்லப்பா."

"தொடாம வண்டி எப்பிடி நவுரும்? அதுக்கு இன்னா காலு மொளச்சிச்சா?"

மோதி நின்ற வண்டியில் ஹேண்ட்பிரேக் இழுத்தபடியேதான் இருந்தது. அதை அப்பாவும் பார்த்திருந்தார். ஆனால் அதற்கும் அவரிடம் ஒரு பதில் இருந்தது. "கழட்டி வுட்டுட்டு, வண்டி ஓடவும் பயத்துல திரும்ப இழுத்துக்கினு கீறா." தன் பிரேக் பிடிக்காமல் போயிருக்கும் என்ற எண்ணமே அவர் மனதில் எழவில்லை. எனக்கும் எழவில்லை. மலையிலேயே அதுமாதிரி பிரேக் கிடையாதே!

அடிக்கவில்லை. அடித்திருந்தால் ஒரே நாளில் முடிந்திருக்கும். காலையில் அப்பா கேட்பார். சாயங்காலம் அம்மா கேட்பாள். பார்க்க வருகிறவர்கள் எல்லாம் "பாப்பாதான் கழட்டிச்சாமே" என்பார்கள். ஒருநாள் அம்மா என்னை அடுப்பு பக்கத்தில் உட்கார வைத்துத் தலையைத் தடவினாள்.

"உண்மைய சொல்லிடும்மா. சொல்லிட்டா அப்பா ஒண்ணும் சொல்ல மாட்டாரு. நானும் இனிமே கேக்கவே மாட்டேன்."

கேட்கவே மாட்டேன் என்றாளே, அது போதுமாக இருந்தது. "ஆமாம்மா, தொட்டேன்" என்றேன். அம்மா என்னைக் கட்டிக்கொண்டாள். எப்படிக் கழற்றினாய் என்று அப்பா கேட்டார். அவர் கழற்றுவதை நூறு முறை பார்த்திருக்கிறேனே, அதையே சொன்னேன். சொல்லச் சொல்ல அது ஒரு படம்போல எனக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. பிடியின் ஜில்லென்ற இரும்பு, கையில் அது திரும்பிய விதம், 'டக்' என்ற சத்தம். சில நாளில் நான் சொன்னது பொய் என்பதே எனக்கு மறந்துவிட்டது. அத்தையின் காலை உடைத்தது நான்தான் என்று என் மனதுக்கு உறுதியாகிவிட்டது.

ஒரே வீட்டில் அத்தை கால் நீட்டி உட்கார்ந்திருப்பார். நான் தட்டைக் கொண்டுபோய் வைப்பேன். என் முகத்தைப் பார்க்காமல் வாங்கிக்கொள்வார். ஒரு வார்த்தை பேச மாட்டார். எனக்குச் சாப்பாடு இறங்காமல் போனது. மலையில் காய்ச்சல் பரவும் காலம், அதனால் என்று அம்மா கஷாயம் வைத்துக் கொடுத்தாள்.

அந்த விபத்துக்குப் பிறகு அம்மா பிடிவாதமாக நின்று, வண்டி நிற்கும்போதெல்லாம் சக்கரத்துக்குப் பெரிய கல்லாக வைக்கச் செய்தாள். இதனால் ஒன்று நேர்ந்தது. ஹேண்ட்பிரேக் பிடிக்கிறதா இல்லையா என்று பார்க்க யாருக்கும் அவசியமே வரவில்லை.

ஆனால் வண்டிக்கு அடியில் தரை கறுத்துக்கொண்டே வந்தது. முதலில் உள்ளங்கை அளவு இருந்த எண்ணெய்க் கறை, பிறகு முறம் அளவுக்குப் பரவியது. அப்பா வாரத்துக்கு வாரம் கியர் ஆயில் ஊற்றினார். "இந்த வண்டி ஊத்துனத எல்லாம் குடிச்சிக்கினே கீது" என்று அலுத்துக்கொண்டார். கள்ளக்குறிச்சி ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர்தான், "பின்சக்கரத்துக்குப் போற ஷாப்ட்டு இருக்கு பாருங்க, அது கியர் பெட்டியவிட்டு வெளிய வர எடத்துல ஆயில் சீல்னு ஒரு ரப்பர் வளையம் இருக்கும், எண்ணெ ஒழுகாம தடுக்க. அது போயிருக்கும். வேறொண்ணும் இல்லீங்க" என்று சொல்லி, புது சீல் ஒன்றைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்திருக்கிறார். பட்டறையில் விட்டால் வண்டியை நாள் கணக்கில் வைத்துக்கொள்வார்கள். புளி இறங்கும் காலம், மூட்டைகள் காத்துக்கிடந்தன. பட்டறையில் காத்திருந்த நாட்களில் இந்த வேலையைச் செய்வதை அப்பா பார்த்திருந்தார். வீட்டிலேயே செய்துவிடுவோம் என்று முடிவு செய்தார்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. நாலு சக்கரத்துக்கும் கல் கொடுத்து, சாக்கை விரித்து, அப்பா ஜீப்புக்கு அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டார். அத்தையை வாசலில் பாய் போட்டு உட்கார வைத்திருந்தார்கள். பக்கத்தில் அவருடைய ஊன்றுகோல். என்னை ஜீப் பக்கம் வரக்கூடாது என்று சொல்லியிருந்ததால் நான் கதவோரமாக நின்றேன்.

முதலில் பெட்டியிலிருந்த எண்ணெயை வடிக்க வேண்டும். அப்பா பாத்திரம் கேட்க, அம்மா பழைய அலுமினிய அன்னக்கூடை ஒன்றை மனமில்லாமல் கொடுத்தாள். கெட்டியாக, கறுப்பாக, கெட்ட முட்டை வாடையோடு எண்ணெய் இறங்கியது. பிறகு அப்பா ஷாப்ட்டிலும் அது சேருகிற வட்டிலும் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டார். திரும்ப மாட்டும்போது அதே இடத்தில் சேர வேண்டுமாம். நாலு போல்ட்டு கழன்றது. ஷாப்ட்டின் முனையை இறக்கிக் கம்பியால் கட்டிவிட்டார். உள்ளே நடுவில் ஒரு பெரிய நட்டு. அதைத் திருகினால் டிரம்மும் கூடவே சுற்றியது.

டிரம் என்றால், பிரேக் டிரம். அந்த ஜீப்பில் ஹேண்ட்பிரேக் சக்கரங்களைப் பிடிக்காது. கியர் பெட்டிக்குப் பின்னால், அந்த ஷாப்ட்டு தொடங்குகிற இடத்தில் சட்டி மாதிரி இருக்கும் இந்த டிரம்மைத்தான் பிடிக்கும். டிரம் நின்றால் ஷாப்ட்டு நிற்கும், வண்டி நிற்கும்.

"ஏய், மேல ஏறி ஹேண்ட்பிரேக்க புடிச்சி இழு. டிரம்மு சுத்தாம நின்னாதான் நட்டு கழலும்" என்று அடியிலிருந்து குரல் வந்தது.

"நானா?" என்றாள் அம்மா. டிரைவர் சீட்டில் அவள் உட்கார்ந்ததே இல்லை. புடவையைச் செருகிக்கொண்டு ஏறினாள். "இழுத்துட்டேங்க!"

"நல்லா இழு. சுத்துது."

"இதுக்கு மேல வரல."

"கொஞ்சமாத்தான் இழுத்துக்கினு கீற. ரெண்டு கையால இழு."

"ரெண்டு கையாலதான் இழுத்துக்கினு கீறேன். நம்பலனா ஏறி வந்து பாருங்க."

அப்பா வெளியே வந்தார். ஏறித் தானே இழுத்துப் பார்த்தார். பிடி கடைசி வரை வந்திருந்தது. மறுபடி அடியில் புகுந்தார். ஸ்பேனர் சத்தம் கேட்கவில்லை. கையால் எதையோ சுற்றுகிற மெல்லிய சரசரப்பு மட்டும் வந்தது. அதுவும் நின்றது.

"இன்னாடா தம்பி, சத்தத்தையே காணும்?" என்றார் அத்தை.

"ஒண்ணும் இல்லக்கா."

பிறகு டிரம் சுற்றாமல் இருக்க வண்டியைக் கியரில் போட்டு, ஸ்பேனரில் ஒரு குழாயைச் செருகி எக்கி எக்கி அந்த நட்டைக் கழற்றினார். டிரம்மை உருவி எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். முகமெல்லாம் கறுப்பு. டிரம்மைச் சாய்த்தார். உள்ளேயிருந்து எண்ணெய் கொட்டியது. அத்தையின் முன்னால் அதை வைத்தார்.

"அக்கா, இத பாரு."

"இன்னாடா இது?"

"சீலு தேஞ்சி, ஆயிலு பிரேக்குக்குள்ள எறங்கிக்கினே இருந்துருக்கு. டிரம்ம புடிக்கிற பிரேக்கு ஷூ முழுக்க ஊறிப் போயி கெடக்கு. எண்ணெ பூசுன கையால எத புடிச்சாலும் வழுக்கத்தான செய்யும்? பிரேக்க இழுத்துத்தான் வெச்சேன். அதுதான் புடிக்கல. கொஞ்ச நேரம் நின்னுட்டு வழுக்கிடுச்சி."

அம்மா வண்டியிலிருந்து இறங்கவில்லை. "அப்ப பாப்பா?" என்றாள்.

அப்பா யாரையும் பார்க்காமல் சொன்னார். "பாப்பா தொட்டுருக்க மாட்டா."

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டிருக்க வேண்டும், இல்லையா? நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"இல்லப்பா, நான்தான் கழட்டுனேன். எனக்கு ஞாபகம் கீது. ஜில்லுனு இருந்துச்சி. டக்குனு சத்தம் கேட்டுச்சி."

அம்மா வாயில் கையை வைத்துக்கொண்டாள். அப்பா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். தாங்கள் இந்தக் குழந்தையை என்ன செய்து வைத்திருக்கிறோம் என்று அந்த நேரத்தில்தான் அவர்களுக்குப் புரிந்திருக்க வேண்டும். இப்போது நினைக்கும்போது அவர்கள் மேல் கோபம் வருவதில்லை. அப்பாவுக்கு அன்று முப்பத்தைந்து வயதுகூட இருந்திருக்காது. என் கடைசி மகனைவிடச் சின்னவர்.

அப்பா எழுந்து, கைகளை மண்ணில் தேய்த்துத் துடைத்துக்கொண்டு, என்னைத் தூக்கி டிரைவர் சீட்டில் வைத்தார். அந்த மத்தியானத்துக்குப் பிறகு நான் அதில் ஏறியதே இல்லை. பிடி இழுத்தபடி இருந்தது.

"பயப்படாத. சக்கரத்துக்குக் கல்லு கீது. இப்ப இத கழட்டு."

திருகினேன். அசையவில்லை. இரண்டு கையாலும் திருகினேன். அதன் பல்லில் துரு ஏறி இறுகிக் கிடந்தது. உள்ளங்கை சிவந்ததுதான் மிச்சம். என் ஞாபகத்தில் அது வளையல் மாதிரி சுலபமாகத் திரும்பியிருந்தது.

"முடியலப்பா."

"முடியாது கண்ணு. எனக்கே சில நாளு ரெண்டு கை வேணும். கோவத்துல இத நான் யோசிக்கவே இல்ல."

இன்னொரு முறை முயன்று பார்த்தேன். முடியவில்லை. முடியவில்லை என்பது இவ்வளவு நல்ல செய்தியாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது. உடனே பசித்தது. அழுகைகூட அப்புறம்தான் வந்தது.

"இங்க வாடி" என்றார் அத்தை.

எத்தனையோ நாளுக்குப் பிறகு அவர் என்னிடம் பேசிய முதல் வார்த்தை. போய் அருகில் உட்கார்ந்தேன். என் தாடையைப் பிடித்து முகத்தைத் தன் பக்கம் திருப்பினார்.

"கோவம் இல்லனு பொய் சொல்ல மாட்டேன். இருந்துச்சி. ஆனா அது கம்மிதான். உன் மூஞ்ச பாத்தாலே, வண்டிக்குள்ள நீ வாய தொறந்துக்கினு சத்தமே வராம என்னாண்ட வந்தியே, அதுதான் கண்ணுல தெரியும். சுவத்துல மோதுனப்ப நீ போயிட்டன்னே நெனச்சிட்டேன்டி. அத திரும்பத் திரும்ப பாக்க என்னால ஆவல. அதான் பாக்கல."

வெறுப்பு என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது பயம். அத்தையைத் தப்பாகக் கணக்குப் போட்டது நான்.

வேலை பாதியில் நின்றதே என்று அப்பா மறுபடி அடியில் புகுந்தார். பழைய சீல் வளையத்தை ஸ்குரூ டிரைவரால் நெம்பி எடுத்தார். ரப்பர் உதடு காய்ந்து, ஒரு பக்கம் பிளந்து, மட்டை மாதிரி விறைத்திருந்தது. இத்தனைக்கும் காரணம் அந்தச் சின்ன வளையம்தான். புது சீலின் உதட்டில் கிரீஸ் தடவி, உதடு உள்பக்கம் பார்க்கும்படி வைத்து, மேலே ஒரு மரத்துண்டைக் கொடுத்துச் சுற்றிச் சுற்றித் தட்டினார். கோணலாக இறங்கினால் மறுபடி ஒழுகுமாம். முதலில் மந்தமாகக் கேட்ட சத்தம், உள்ளே போய் உட்கார்ந்ததும் கெட்டியாக மாறியது. பிறகு எல்லாவற்றையும் கழற்றிய வரிசைக்குத் தலைகீழாக மாட்டினார். எண்ணெயில் ஊறிய பிரேக் ஷூவுக்குப் புது லைனிங் அடுத்த நடையில் அடித்து வரலாம் என்றார். "அது வர வரைக்கும் கல்லு இருக்கட்டும்."

"வந்தப்புறமும் இருக்கும்" என்றாள் அம்மா.

அப்பா என்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. அந்தக் காலத்து அப்பாக்கள் யார் கேட்டார்கள்? ஆனால் அந்தப் பிளந்த சீல் வளையத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். டீக்கடையில், மூட்டை ஏற்றுகிற இடத்தில், கள்ளக்குறிச்சி மண்டியில் என்று பார்க்கிறவர்களிடம் எல்லாம் எடுத்துக் காட்டி, "வண்டி ஓடுனது இதாலதான். எம் பொண்ணு மேல தப்பு இல்ல" என்று பல நாள் சொல்லிக்கொண்டிருந்தார். பையெல்லாம் எண்ணெய்க் கறை. துவைத்துத் துவைத்து அம்மா அலுத்துப்போனாள். பிறகு அந்தச் சீல் எங்கே போனதோ. ஜீப்பும் இரண்டு கை மாறி யாரிடமோ போய்விட்டது.

ஒன்றை மட்டும் உங்களிடம் சொல்ல வேண்டும். அந்தப் பொய்ப் படம் இன்னும் என்னிடம் இருக்கிறது. கண்ணை மூடினால் ஜில்லென்ற பிடி என் கைக்குள் திரும்புகிறது, டக்கென்று சத்தம் கேட்கிறது. நடக்கவில்லை என்று தெரிந்தும் அழியவில்லை. இப்போது அது என்னைப் பயமுறுத்துவதில்லை, அவ்வளவுதான்.

அன்று சாயங்காலம் வேலை முடிந்ததும், வடித்த எண்ணெயை வேலியோரம் கொட்டிவிட்டு வருகிறேன் என்று நானே கேட்டு அன்னக்கூடையைத் தூக்கினேன். உடம்பு அவ்வளவு லேசாக இருந்தது. ஓட்டமும் நடையுமாகப் போனவள் அத்தையின் ஊன்றுகோலில் இடறிவிட்டேன். அன்னக்கூடை கவிழ்ந்தது. அத்தையின் வெள்ளை மாவுக்கட்டு முழங்காலிலிருந்து பாதம் வரை கறுப்பாகிவிட்டது.

"அடியே! கண்ணு இன்னா பொடனியிலயா கீது? பாத்து வர மாட்ட? கட்டு பிரிக்கிறப்ப ஆஸ்பத்திரியில இன்னானு சொல்லுவேன்? தம்பி, உன் பொண்ணு பண்ண வேலைய வந்து பாருடா!"

மலையே கேட்கும்படி அத்தை கத்தினார். அம்மா துணியோடு ஓடி வந்தாள். அப்பா ஜீப்புக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டி, "யாரு கொட்டுனது?" என்றார்.

"நான்தாம்பா!" என்றேன். சொல்லிவிட்டுச் சிரிப்பை அடக்க முடியாமல் அங்கேயே நின்றேன்.